பழைய காரின் பானெட் கீல்: மாட்டுவது, சரிசெய்வது, மேம்படுத்துவது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. 1960களில் வந்த அமெரிக்கக் கார். பெயின்ட் வேலை முடிந்து, புதுக் கீலும் புது ஸ்பிரிங்கும் போட்டு பானெட்டைத் திரும்ப மாட்டியிருக்கிறீர்கள். முன்பக்கம் ஒழுங்காக உட்காருகிறது. ஆனால் முன்கண்ணாடிப் பக்கம் இரண்டு மூலையும் 8 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. கையால் அழுத்தினால் இறங்குகிறது, விட்டால் மறுபடி ஏறிவிடுகிறது. இதோடு மல்லுக்கட்டுவதா, இல்லை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கேஸ் ஸ்ட்ரட் (வாயு அழுத்தத்தால் பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் தண்டு) வைத்த அலுமினியக் கீலுக்கு மாறிவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

மாறுவது தப்பில்லை. ஆனால் அந்த முடிவை இப்போது எடுக்காதீர்கள். பின்மூலை தூக்கி நிற்பதற்கு ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம். அதில் பாதிக்கு மேல் கீலை மாற்றினாலும் போகாது. எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு மதியப்பொழுது போதும். அதற்கு முன்னால் இந்தக் கீல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தன்னால் புரியும்.

வீட்டுக் கதவின் கீல் ஒரே அச்சில் சுழல்கிறது. பானெட்டின் பின்விளிம்பு, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கவுல் தகட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பதால், ஒரே அச்சில் சுழன்றால் அந்த விளிம்பு கவுலில் போய் இடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் நான்கு அச்சுள்ள கீலை வைத்தார்கள். கீழே ஒரு தகடு மட்கார்டின் உட்பக்கத்தில் போல்ட் ஆகிறது. மேலே ஒரு கை பானெட்டில் போல்ட் ஆகிறது. இரண்டையும் இரண்டு இணைப்புத் தகடுகள் சேர்க்கின்றன. திறக்கும்போது பானெட் சுழல்வதோடு கொஞ்சம் மேலேயும் முன்னேயும் நகர்ந்து கவுலை விட்டு விலகுகிறது. தடித்த சுருள் ஸ்பிரிங் ஒன்று பானெட்டின் எடையைத் தாங்குகிறது. மூடியிருக்கும்போது அந்த ஸ்பிரிங் நன்றாக இழுபட்டு நிற்கும். திறந்தால் சுருங்கும், ஆனாலும் முழுக்கத் தளர்ந்துவிடாது.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், நீங்கள் பானெட்டை மூடுவது அதன் முன்விளிம்பைப் பிடித்து. கீல் இருப்பது ஒரு மீட்டருக்கும் அப்பால் பின்னால். நடுவில் இருப்பது 1 மி.மீ.க்கும் குறைவான தடிமனுள்ள தகடும் அதன் அடியில் ஒட்டிய ஒரு சட்டகமும்தான். கீல் சுலபமாக மடங்கினால் பிரச்சினையே இல்லை. கீல் இறுகிப் போயிருந்தால், அதை மடக்கும் நெம்புகோல் வேலையை உங்கள் பானெட் செய்ய வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு அது செய்யப்படவில்லை.

இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. பல வருடம் நின்றுபோன ஒரு காரை எடுத்து, புதிதாக பெயின்ட் அடித்து, முதல் தடவையாக பானெட்டை மூடும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். இறங்கிக்கொண்டே வந்தது, மூடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. நண்பர் இரண்டு உள்ளங்கையையும் வைத்துச் சற்று அழுத்தினார். டொப் என்று ஒரு சத்தம். பானெட்டின் நடுவில், இடமிருந்து வலமாக, காகிதத்தை மடித்த மாதிரி ஒரு கோடு. கீல் ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை. பிறகு கழற்றிப் பார்த்தால் கீலின் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட்டுகளின் இடுக்கில் பெயின்ட் உறைந்திருந்தது, அதற்குள் மணல். கீலைப் பிரிக்காமலே மணல் அடித்துத் துரு நீக்கியிருக்கிறார்கள். எண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து, காற்றடித்து, மறுபடி எண்ணெய் விட்டதும் அதே கீல் கையால் தள்ளினால் மடங்கியது. ஆனால் பானெட் போனது போனதுதான். 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே பிக்கப்புகளில் இந்த மடிப்பு ரொம்பப் பிரபலம். காய்ந்த கீலோடு அழுத்தி மூடி மூடியே பல பானெட்டுகள் நடுவில் மடிந்திருக்கின்றன. அதனால் உங்கள் பானெட் மூடும்போது எங்கேயாவது தயங்கினால், அழுத்தாதீர்கள். உடனே திறந்துவிடுங்கள்.

சரி, இப்போது சோதனை. முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்ற வேண்டும். இதில்தான் விரல் போகும், கண்ணும் போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையுறையும் வேண்டும். ஸ்பிரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக் கழற்றுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதைவிடப் பாதுகாப்பான பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒருவர் பானெட்டைப் பாதி மூடிய நிலையில் பிடித்துக்கொள்ளட்டும். அந்த நிலையில் ஸ்பிரிங் நீண்டு, சுருள்களுக்கு இடையே இடைவெளி விழும். அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு தட்டை வாஷரைச் செருகுங்கள். விரலை உள்ளே விடாமல் நீண்ட மூக்குக் குறடால் செருகலாம். எட்டு பத்து வாஷர் போனதும் பானெட்டை மெதுவாக முழுக்கத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் சுருங்கப் பார்க்கும், வாஷர் விடாது. கொக்கி தளர்ந்துவிடும், கையாலேயே எடுத்துவிடலாம். எடுத்ததைத் தடிமனான துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். அதற்குள் இன்னும் விசை அடைபட்டிருக்கிறது, கீழே போட்டால் வாஷர் தெறிக்கும். திரும்ப மாட்டும்போது வாஷரோடேயே மாட்டிவிட்டு, பானெட்டைப் பாதி மூடினால் வாஷர்கள் தளர்ந்து உதிரும், அவ்வளவுதான்.

ஸ்பிரிங் இல்லாத பானெட்டை எதுவும் தாங்காது என்பதை மறந்துவிடக் கூடாது. உறுதியான ஒரு கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமான ஆபத்தும் உண்டு. ஸ்பிரிங் மாட்டியிருக்கும்போது பானெட்டைக் கழற்றிவிட்டு, வெறும் கீலைக் கையால் மடக்கப் பார்க்காதீர்கள். கை நழுவினால் எலும்பை உடைக்கும் வேகத்தில் திரும்பி வரும்.

இப்போது ஸ்பிரிங் இல்லாமல், முன்னால் இருக்கும் பூட்டையும் கழற்றிவிட்டு, பானெட்டை மெதுவாக இறக்கிப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. பின்மூலை சமமாக உட்கார்ந்துவிட்டால், கீல் இருக்கும் இடம் சரி. ஸ்பிரிங் போட்டதும்தான் தூக்குகிறது என்றால் குற்றம் ஸ்பிரிங்கின் பலத்தில் இருக்கிறது, அல்லது கீலின் அச்சுகளில் இருக்கும் ஆட்டத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் மேலே தள்ளும்போது அந்த ஆட்டம் முழுக்க ஒரே திசையில் போய் நின்று, பின்மூலையைத் தூக்கிக் காட்டும். ஸ்பிரிங் இல்லாமலேயே மூலை தூக்கி நிற்கிறதா? அப்படியானால் கீல் முழுதாக மடங்கவில்லை, அல்லது உயரமான இடத்தில் போல்ட் ஆகியிருக்கிறது, அல்லது அடியில் ஏதோ தடுக்கிறது.

தடுப்பது எது என்று பார்க்கும்போது முதலில் கவுல் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். இப்போது வரும் புது ரப்பர் பட்டைகளில் பல பழையதைவிடக் கடினமாகவும் தடிமனாகவும் இருக்கின்றன. அதைக் கழற்றிவிட்டு மூடிப் பாருங்கள். 3, 4 மி.மீ. அதிலேயே இறங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கையால் அழுத்தினால் இறங்குகிறது என்று எழுதியிருப்பதால், இரும்பில் இரும்பு இடிப்பதாகத் தெரியவில்லை. ரப்பர், ஸ்பிரிங், ஆட்டம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

ஆட்டத்தைச் சோதிக்க, பானெட்டைப் பாதி திறந்து முன்விளிம்பின் நடுவைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இன்னொருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்க்கட்டும். தகடு நகர்ந்து ரிவெட் நகராமல் இருந்தால் அந்த ஓட்டை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. புதுக் கீலில் ஆட்டம் எப்படி வரும் என்று நினைக்காதீர்கள். மலிவான புதுக் கீல்களில் ரிவெட் தளர்வாக அடித்தே வருவதுண்டு. அதைவிட மோசம், ஓட்டைகளின் மையத் தூரம் ஒன்று இரண்டு மி.மீ. மாறி வருவது. பழைய கீலைத் தூக்கி எறியவில்லை என்றால், புதியதை அதன்மேல் வைத்து ஒவ்வொரு ஓட்டையும் நேராக வருகிறதா என்று பாருங்கள். ஒன்று விலகியிருந்தாலும் பானெட் போகும் பாதையே மாறிவிடும். எவ்வளவு போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தினாலும் அது சரியாகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, துரு அரித்து ஓட்டை விழாத வரை, பழைய கீலைப் புதுப்பிப்பதைத்தான் நான் எப்போதும் சொல்வேன். காரோடு பிறந்த கீலின் கணக்கு சரியாக இருக்கும், தேய்ந்திருப்பது அச்சு மட்டும்தான்.

புதுப்பிப்பது லேத் வைத்திருப்பவருக்கு அரைநாள் வேலை. மேம்படுத்துவது என்று சொன்னால் என் மனதில் முதலில் வருவதும் இதுதான். ரிவெட்டின் தலையை டிரில் செய்து தட்டி எடுக்க வேண்டும். எடுக்கும் முன் தகடுகள் எந்த வரிசையில் இருக்கின்றன, நடுவில் எத்தனை வாஷர் என்று போட்டோ எடுத்துவிடுங்கள். இடது வலது என்று குத்திக் குறியுங்கள். ஓட்டை 8 மி.மீ. இருந்து நீள்வட்டமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை ரீமர் (ஓட்டையைச் சீராக்கிப் பெரிதாக்கும் கருவி) கொண்டு 10 மி.மீ. வட்டமாக்கி, உள்விட்டம் 8, வெளிவிட்டம் 10 உள்ள வெண்கலப் புஷ்ஷை, அதாவது சின்னக் குழாய் போன்ற வளையத்தை, அழுத்திப் பொருத்துகிறோம். எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். துகள்களை அழுத்திச் சுட்டுச் செய்ததால் அதன் நுண்துளைகளில் எண்ணெய் தங்கி, சுழலும்போது கசிந்து வரும். ரிவெட்டுக்குப் பதில் தோள்பட்டை வைத்த போல்ட், அதாவது உடல் வழவழப்பாகவும் மரை அதைவிடச் சிறிய விட்டத்திலும் இருக்கும் போல்ட். அதன் வழவழப்பான உடல், தகடுகளின் மொத்தத் தடிமனைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நட்டை முழுக்க இறுக்கினாலும் தகடுகளைக் கவ்விப் பிடிக்காது. சாதாரண போல்ட்டைப் போட்டு 'கொஞ்சம் லூஸாக விட்டால் போச்சு' என்று செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. மரை தகட்டைத் தின்றுவிடும், ஆறு மாதத்தில் பழைய ஆட்டமே திரும்பி வரும். நைலான் வைத்த பூட்டு நட் போடுங்கள். தகடுகளுக்கு நடுவே மெல்லிய வெண்கல வாஷர் வைத்தால் கீல் பட்டுப்போல நகரும்.

மேற்பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஆனால் அது சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான் தடிமனில் ஏறும். தகட்டின் இரண்டு பக்கமும் ஏறினால், நான்கு தகடு அடுக்கில் 0.5 முதல் 0.8 மி.மீ. வரை கூடிவிடும். கீல் இறுகிவிடும். அச்சைச் சுற்றியுள்ள முகங்களையும் ஓட்டைகளையும் மறைத்துவிட்டுத்தான் கோட்டிங் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பல தொழிற்சாலைகளில் கீல்களுக்கு சாம்பல் கறுப்பில் பாஸ்பேட் பூச்சுதான் கொடுத்தார்கள். அது எண்ணெயைத் தக்கவைத்துக்கொள்ளும், தடிமனும் ஏறாது. அசல் தோற்றம் முக்கியம் என்றால் அதுவே நல்லது, அவ்வப்போது எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும், அவ்வளவே. ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் ரொம்ப எச்சரிக்கையாக இருங்கள். துரு போக ஆசிடில் போட்டாலோ, துத்தநாக முலாம் பூசினாலோ, கெட்டிப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். முலாம் பூசியே ஆக வேண்டும் என்றால், பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடுபடுத்த வேண்டும். முலாம் பூசுபவர் அதைச் செய்வதாக உறுதி சொல்லாவிட்டால் ஸ்பிரிங்கைக் கொடுக்காதீர்கள், பெயின்ட்டே போதும். ஸ்பிரிங்கின் பலம் கூடுதல் என்று கேஸ் டார்ச் வைத்துச் சுடுவதும் வேண்டாம், அதன் பதம் போய்விடும்.

இனி மாட்டுவது. கீலை மாட்டும் முன் மட்கார்டின் உட்தகட்டில் போல்ட் வரும் இடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். பல்லாயிரம் முறை திறந்து மூடிய இடம் அது. விரிசல் இருந்தால் நுனியில் சின்ன ஓட்டை போட்டு, வெல்டிங் செய்து, பின்னால் ஒரு பட்டை கொடுக்க வேண்டும். கார் எப்போதாவது மோதியிருந்தால் இடது கீல் ஓட்டையிலிருந்து வலது முன்மூலை ரேடியேட்டர் சட்டகம் வரைக்கும், பிறகு அதற்குக் குறுக்காகவும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரவில்லை என்றால், எந்தக் கீலும் அந்த பானெட்டை நேராக உட்கார வைக்காது.

வரிசையும் முக்கியம். கதவு முதலில், கதவுக்குத் தகுந்தபடி மட்கார்டு, மட்கார்டுக்கும் கவுலுக்கும் தகுந்தபடி பானெட், கடைசியில்தான் பூட்டு. பலர் பூட்டை மாட்டிவைத்துக்கொண்டே பானெட்டை நகர்த்தப் பார்க்கிறார்கள். பூட்டு அதை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் கீலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பானெட்டைத் தூக்கி வைக்க இரண்டு பேர் கட்டாயம், மூன்று பேர் இருந்தால் நிம்மதி. மட்கார்டின் மேல் தடித்த போர்வை, பானெட்டின் பின்மூலைகளில் நான்கு அடுக்கு பெயின்ட்டர் டேப். புது பெயின்ட் அடிபடுவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். எல்லா போல்ட்டையும் விரலால் மாட்டி, பானெட் நழுவாமல் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

எந்த போல்ட் எதை நகர்த்துகிறது என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். பானெட்டுக்கும் கீலுக்கும் நடுவே இருக்கும் நீள ஓட்டைகள் பானெட்டை முன்னும் பின்னும் நகர்த்தும், கொஞ்சம் பக்கவாட்டிலும். கீலுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருப்பவை பின்பகுதியை ஏற்றி இறக்கும். முன்பகுதியின் உயரத்துக்குக் கீலைத் தொடவே கூடாது. அது முன்னால் இருக்கும் ரப்பர் குமிழ்களின் வேலை, திருகி ஏற்றலாம் இறக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு பக்கத்தில் ஒரே ஒரு திசையில் நகர்த்துங்கள். நகர்த்தும் முன் கீலைச் சுற்றிப் பென்சில் கோடு போடுங்கள். அந்தக் கோடு இல்லாமல் நகர்த்தினால், எங்கே இருந்தோம் என்பதே தெரியாமல் போய்விடும். இடைவெளியை அளக்க 4 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டு ஒன்றே போதும். அதை மட்கார்டு ஓரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அந்தக் காலக் கார்களுக்கு இடைவெளி 4, 5 மி.மீ. இருப்பது சகஜம். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே அளவாக இருந்தால் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஒரு பக்கம் 3, இன்னொரு பக்கம் 6 என்றால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.

நீள ஓட்டையின் எல்லைக்கே போய்விட்டீர்கள், பின்மூலை இன்னும் 2 மி.மீ. உயரம் என்றால், வாஷர் வைக்கும் வித்தை இருக்கிறது. பானெட்டையும் கீலின் கையையும் சேர்க்கும் இரண்டு போல்ட்டில், முன்போல்ட்டில் மட்டும், கைக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு 1 மி.மீ. வாஷர் வையுங்கள். பானெட் பின்போல்ட்டை அச்சாகக் கொண்டு சாய்கிறது. போல்ட்டுகளுக்கு இடையே 60 மி.மீ. தூரம், பின்விளிம்பு பின்போல்ட்டுக்கு 100 மி.மீ. பின்னால் என்றால், பின்விளிம்பு சுமார் 1.7 மி.மீ. இறங்கும். ஆனால் 1200 மி.மீ. முன்னால் இருக்கும் மூக்கு 20 மி.மீ. ஏறப் பார்க்கும். பூட்டு போட்டதும் அது கீழே இழுபட்டு, கீலை அதன் கடைசி எல்லைவரை மடக்கும். கீல் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது என்றால் அந்த இழுப்பு முழுக்க பானெட் தகட்டின் மேல் விழும். அதனால் ஒரு வாஷருக்கு மேல் போகாதீர்கள். இரண்டு வாஷர் தேவைப்படுகிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

போல்ட் 8 மி.மீ. என்றால் கடைசி இறுக்கம் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும். மெல்லிய தகட்டுக்குள் பற்றவைத்த நட்டுகள் அவை. சுழல ஆரம்பித்துவிட்டால் வெட்டி எடுக்கும்வரை தலைவலி. முதல் தடவை முழுக்க மூடும் முன் ஏர் கிளீனரின் மேல் ஒரு உருண்டை களிமண் வைத்து மூடிப் பாருங்கள். எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று அது காட்டிவிடும். கடைசியில் பூட்டை மாட்டுங்கள். பூட்டின் நாக்கு குழிக்குள் எந்தப் பக்கமும் உரசாமல் விழ வேண்டும். பாதுகாப்புக் கொக்கியையும் தனியாகச் சோதியுங்கள். முதல் பூட்டை விடுவித்துவிட்டு முன்விளிம்பை மேலே இழுத்தால் அது பிடிக்க வேண்டும். பின்னால் கீல் உள்ள பானெட் ஓட்டத்தில் திறந்தால் காற்று அதை அப்படியே கண்ணாடியின் மேல் அடிக்கும். அமெரிக்காவில் அப்படித் திறந்து பார்வையை மறைக்கக்கூடிய பானெட்டுக்கு இரண்டாவது பிடிமானம் கட்டாயம் என்று தனி விதியே இருக்கிறது. உங்கள் காரில் அந்தக் கொக்கி வளைந்தோ ஸ்பிரிங் இல்லாமலோ இருந்தால், கீல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கார் சாலைக்குத் தயாராகவில்லை.

இப்போது கேஸ் ஸ்ட்ரட். இது நல்ல மேம்பாடாக அமையும் இடங்கள் உண்டு. முக்கியமாக ஃபைபர் பானெட் போட்டவர்களுக்கு. இரும்பு பானெட் 20 கிலோவைத் தாண்டும் என்றால் ஃபைபர் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். அசல் ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் அது ஃபைபரைப் பின்னாலிருந்து வளைத்துத் தூக்கும், கீல் போல்ட்டைச் சுற்றி விரிசல் விடும். ஆனால் ஸ்ட்ரட்டைக் குத்துமதிப்பாக வாங்காதீர்கள். கணக்குப் போடுவது சுலபம். பானெட்டைக் கழற்றி எடை பாருங்கள், 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்விளிம்பை ஒரு கட்டையிலும் முன்விளிம்பை எடை மெஷினிலும் வையுங்கள். மெஷின் 10 கிலோ காட்டுகிறது, பானெட் நீளம் 1.25 மீட்டர் என்றால், எடையின் மையம் பின்விளிம்பிலிருந்து 10 × 1.25 ÷ 22, அதாவது 0.57 மீட்டரில் இருக்கிறது. 45 டிகிரி திறந்து நிற்கும்போது அந்த மையம் கிடைமட்டத்தில் 0.40 மீட்டர் தள்ளி இருக்கும். 22 × 9.8 × 0.40, சுமார் 86 நியூட்டன் மீட்டர். இதை இரண்டு ஸ்ட்ரட் தாங்க வேண்டும். கீல் அச்சிலிருந்து ஸ்ட்ரட்டின் நேர்கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 0.16 மீட்டர் என்றால் ஒவ்வொன்றுக்கும் 270 நியூட்டன் வருகிறது. பத்து சதவீதம் கூட்டி 300 நியூட்டன் ஸ்ட்ரட் வாங்கலாம். அந்த எண் ஸ்ட்ரட்டின் உடலிலேயே அச்சிட்டிருக்கும்.

மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் கோடு கீல் அச்சுக்கு மிக அருகில், 3 செ.மீ. அளவில் போகும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முழுக்க உள்ளே போன ஸ்ட்ரட்டின் விசை 30 சதவீதம்வரை கூடும். அப்படியும் 3 செ.மீ. தூரத்தில் இரண்டும் சேர்ந்து 23 நியூட்டன் மீட்டர்தான் தூக்கும். பானெட்டின் எடை 120 நியூட்டன் மீட்டருக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கும், பின்மூலை தூக்காது. அந்தக் கோடு அச்சைவிட்டு அதிகம் தள்ளிப் போனால், நீங்கள் இப்போது அவதிப்படும் அதே தொல்லை ஸ்ட்ரட்டிலும் வரலாம். நான்கு அச்சுக் கீலில் சுழலும் மையம் நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்தக் கணக்கு தோராயம்தான். அதனால் சிறிய விசையில் தொடங்கி ஏற்றிப் பாருங்கள், அல்லது வாயுவைக் கொஞ்சம் வெளியேற்றி விசையைக் குறைக்க வசதியுள்ள ஸ்ட்ரட்டை வாங்குங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் விசை மூன்றரை சதவீதம் கூடும், குளிரில் அதேபோலக் குறையும். குளிர்ந்த காலையில் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓய்வில் இருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டிருக்கும், நீண்ட நாள் வரும். ஸ்ட்ரட்டின் நுனியைப் பிடிக்கும் பந்து மாட்டும் இடத்தில் வெறும் தகட்டை நம்பாமல், பின்னால் 3 மி.மீ. இரும்புப் பட்டை கொடுங்கள். ஒரே பக்கத்தில் ஒரே ஒரு ஸ்ட்ரட் வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, பானெட் மெல்லத் திருகிக்கொள்ளும்.

பில்லட், அதாவது முழுக் கட்டியிலிருந்து கடைந்த அலுமினியக் கீல்களில் பேரிங் வைத்து, ஆட்டமே இல்லாமல் செய்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் அவை காரின் உடல் தொழிற்சாலை வரைபடத்தில் இருப்பதுபோல நேராக இருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. அறுபது வயதுக் காரின் மட்கார்டு அப்படி இருப்பது அபூர்வம். பழைய கீல் தேய்மானத்தால் விட்டுக்கொடுத்ததை இது விட்டுக்கொடுக்காது. உடலை முழுக்க நேராக்கியவருக்கு அது பொருந்தும்.

கேள்வி உங்கள் காரைப் பற்றியது என்றாலும் மற்ற வகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாகுவார் ஈ-டைப், பிஎம்டபிள்யூ ஈ30 மாதிரி முன்னால் கீல் உள்ள பானெட்டில் காற்று மூடும் திசையில்தான் அழுத்தும், அந்தப் பயம் இல்லை. ஆனால் கீல் மூக்கில் இருப்பதால் தண்ணீரும் சேறும் நேராக அடித்துத் துரு சீக்கிரம் பிடிக்கும். போருக்கு முந்தைய கார்களில் நடுவில் நீளக் கம்பி ஓடி இரண்டு பக்கமும் இறக்கைபோலத் திறக்கும். அதற்குக் கம்பியை உருவி, வளையங்களைச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவிய புதுக் கம்பியைச் செருகினால் முடிந்தது.

எண்ணெய் விஷயம்: துருவை இளக்கும் ஸ்பிரே உயவுக்கு நிற்காது, சில வாரத்தில் ஆவியாகிக் காய்ந்துவிடும். அதை முதலில் அடித்துக் கழுவிவிட்டு, மோட்டார் சைக்கிள் செயினுக்குப் போடும் ஸ்பிரே அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ் போடுங்கள். போட்ட பிறகு இருபது தடவை திறந்து மூடினால்தான் அச்சுக்குள் போய்ச் சேரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்துவிடுங்கள்.

உங்கள் காருக்கு வருகிறேன். முதலில் கவுல் ரப்பரைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங்கோடு ஒரு தடவை மூடி இரண்டு மூலையையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பிரிங் இல்லாமல் ஒரு தடவை. 8 மி.மீ. என்பது முதல் அளவிலேயே 4க்குக் கீழே வந்துவிட்டால் ரப்பரை மாற்றுங்கள், வேறொன்றும் வேண்டாம். ஸ்பிரிங் இல்லாதபோதுதான் சமமாகிறது என்றால், பழைய ஸ்பிரிங் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், கூடவே முன்விளிம்பை ஆட்டி ரிவெட்டுகளைப் பாருங்கள். எப்படியும் மூலை இறங்கவில்லை என்றால் புதுக் கீலைப் பழைய கீலின் மேல் வைத்து ஓட்டைகளை ஒப்பிட வேண்டியதுதான். எடுத்த அளவுகளை எல்லாம் எழுதி அனுப்புங்கள், இடது வலது தனித்தனியாக. அடுத்து எந்த போல்ட்டைத் தொடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.